பழைய மடிக்கணினிக்குப் பொருந்தும் றாம் அட்டையைத் தெரிவுசெய்யும் முறை

வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் விட்டுச்சென்ற மடிக்கணினி, கொழும்பில் பாவித்ததாக வாங்கிய அலுவலக மடிக்கணினி, அண்ணாவின் உயர்தர வகுப்புக்கென வாங்கி இப்போது தங்கையின் கைக்கு வந்திருக்கும் மடிக்கணினி என்று, யாழ்ப்பாணத்து வீடுகளில் பழைய இயந்திரங்கள் பல இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. இவற்றுட் பல 2 அல்லது 4 ஜிபி (ஜிகாபைட்) றாமுடன், அதாவது வேலை நடக்கும்போது தரவுகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகத்துடன், விற்கப்பட்டவை. உலாவியில் நாலைந்து பக்கங்களையும் ஒரு சூம் வகுப்பையும் ஒருசேரத் திறந்தால் அந்த அளவு இன்று போதாது. புதிய மடிக்கணினி வாங்க முடியாத குடும்பத்துக்கு, றாம் அட்டை ஒன்றைச் சேர்ப்பது மிகக் குறைந்த செலவில் மிகக் கூடிய பலன் தரும் வேலை. ஆனால், அட்டையை முதலில் வாங்கிவிட்டுப் பொருந்துமா என்று பின்னர் பார்ப்பவர்களே அதிகம். பொருத்தத்தை நிர்ணயிப்பது மடிக்கணினியின் பாகங்களெல்லாம் இணைக்கப்பட்டிருக்கும் தாய்ப்பலகையும், கணிப்புகளைச் செய்யும் புரொசெசருமே ஆகையால், தேடவேண்டிய விபரங்கள் அனைத்தும் கடையில் அல்ல, உங்கள் வீட்டு மேசையில் இருக்கும் இயந்திரத்துக்குள்தான் இருக்கின்றன.

முதலில், குறை றாமில்தானா?

விண்டோஸ் இயங்கும் மடிக்கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். வழக்கமாகச் செய்யும் வேலைகளையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு, அதில் பெர்ஃபோமன்ஸ் என்ற பகுதிக்குள் மெமரி, டிஸ்க் ஆகிய இரண்டு வரைபடங்களையும் சில நிமிடங்கள் கவனியுங்கள். மெமரி தொடர்ந்து 85 அல்லது 90 வீதத்துக்கு மேல் நின்றால் றாம் போதவில்லை. மெமரி பாதியளவில் நிற்க, டிஸ்க் மட்டும் 100 வீதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால், மெதுவாக்குவது பழைய வன்தட்டு. அங்கே எஸ்எஸ்டி எனப்படும் வேகமான சேமிப்பகம் ஒன்றைப் பொருத்துவதே முதல் வேலையாக இருக்க வேண்டும். இரண்டும் உச்சத்தில் நிற்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். றாமில் இடமில்லாதபோது விண்டோஸ் தன் தரவுகளின் ஒரு பகுதியை வன்தட்டுக்கு மாற்றி மாற்றி எழுதுவதால் வன்தட்டும் ஓயாமல் இயங்குகிறது. அந்நிலையில் றாமைக் கூட்டினால் வன்தட்டின் சுமையும் பெருமளவு குறையும்.

இதே வேளையில், உங்கள் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா (ஒரே தடவையில் கையாளும் தரவின் அகலம்) என்பதையும் செற்றிங்ஸ் பகுதியில் பார்த்துக்கொள்ளுங்கள். மடிக்கணினிகளில் வரும் 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது. அந்த 4 ஜிபியிலும் ஒரு பகுதி வேறு பாகங்களுக்கு ஒதுக்கப்படுவதால் ஏறத்தாழ 3 அல்லது 3.5 ஜிபியே கைக்குக் கிடைக்கும். புரொசெசர் 64 பிட் ஆக இருந்தால் முதலில் 64 பிட் இயங்குதளத்தை நிறுவி, அதன்பிறகே றாமைப் பற்றி யோசிக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. பழைய இயந்திரங்கள் பல விண்டோஸ் 11இன் நிபந்தனைகளை நிறைவுசெய்யாததால், இலகுவான லினக்ஸ் பதிப்பு ஒன்றுக்கு மாற நினைப்பவர்களுக்கும் 64 பிட் என்பதே நல்ல அடித்தளம்.

உள்ளே இருப்பதை அறிதல்

சிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளை நிறுவினால், அதன் மெமரி என்ற பக்கம் றாமின் வகையையும் மொத்த அளவையும் காட்டும். எஸ்பிடி என்ற பக்கம் ஒவ்வொரு ஸ்லொட்டிலும் (அட்டையைச் செருகும் இடத்திலும்) உள்ள அட்டையின் அளவு, வேகம், தயாரிப்பாளர், பகுதி எண் ஆகியவற்றைக் காட்டும். அட்டையின் மேலேயே உள்ள ஒரு சிறிய சில்லில் இவ்விபரங்கள் எழுதப்பட்டிருப்பதால், லேபிள் கிழிந்துபோன அட்டையையும் இவ்வழியாக அடையாளம் காணலாம். டாஸ்க் மேனேஜரும் எத்தனை ஸ்லொட்கள் உள்ளன, எத்தனை நிரம்பியுள்ளன என்று சொல்லும். இருந்தாலும் அந்த எண்ணிக்கையை மட்டும் நம்பிப் பணத்தைச் செலவிட வேண்டாம். அது, கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ் தரும் தகவலை அப்படியே திருப்பிச் சொல்வது. பயாஸ் பிழையாகச் சொல்லும் இயந்திரங்கள் உண்டு.

உறுதியான வழி, மின் இணைப்பைத் துண்டித்து அடிப்பலகையைத் திறந்து கண்ணாற் பார்ப்பதுதான். பழைய மடிக்கணினிகள் பலவற்றில் றாமுக்கெனத் தனிச் சிறு மூடியே இருக்கும். ஒன்றிரண்டு திருகாணிகளைக் கழற்றினால் போதும். சிலவற்றில் ஒரு ஸ்லொட் அடியிலும் மற்றது விசைப்பலகையின் கீழும் இருக்கும். லெனோவோ திங்க்பேட் டி420 அத்தகையது. அடிமூடியை மட்டும் திறந்தவர் அதற்கு ஒரே ஸ்லொட்தான் என்று எண்ணிவிடுவார். திங்க்பேட் டி440இலோ 4 ஜிபி தாய்ப்பலகையிலேயே நிரந்தரமாகப் பற்றவைக்கப்பட்டிருக்க, ஒரேயொரு ஸ்லொட் மட்டும் இருக்கிறது. அதில் 8 ஜிபி அட்டையைப் போட்டால் மொத்தம் 12 ஜிபி கிடைக்கும். மக்புக் எயார் முழுவதும், 2012 முதல் வந்த றெட்டினா திரை மக்புக் புரோக்கள் முழுவதும் பற்றவைக்கப்பட்ட நினைவகம் கொண்டவை. அவற்றின் றாமைக் கூட்டித் தருவதாக எவராவது சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றின் நிலையும் இதுவே.

மூடி திறந்திருக்கும்போதே, அட்டையின் லேபிளைத் தெளிவாகத் தெரியும்படி கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். மடிக்கணினியின் அடியில் உள்ள மாதிரி எண்ணையும், புரொசெசரின் முழுப் பெயரையும் அதனுடன் சேர்த்து வையுங்கள்.

லேபிளை வாசிப்பது

ஒரு பழைய அட்டையின் லேபிளில் “4ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி3எல்-12800எஸ்-11” என்று அச்சிட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்த ஒரு வரியை வாசிக்கத் தெரிந்தவருக்குக் கடைக்காரரிடம் கேட்கவேண்டியவை மிகச் சிலவே எஞ்சும். முதலில் வருவது கொள்ளளவு. அடுத்துள்ள 1ஆர்எக்ஸ்8 என்பது சில்லுகளின் ஒழுங்கமைப்பு: அட்டையில் ஒரே ஒரு றாங்க், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து இயங்கும் சில்லுகளின் ஒரே தொகுதி உள்ளது, ஒவ்வொரு சில்லும் 8 பிட் அகலமானது என்பது அதன் பொருள். நினைவகப் பாதை 64 பிட் அகலமானதால், அத்தகைய அட்டையில் 8 சில்லுகள் இருக்கும். 2ஆர்எக்ஸ்8 என்றால் 16 சில்லுகள். பிசி3 என்பது டிடிஆர்3, அதாவது டிடிஆர் வகை றாமின் மூன்றாம் தலைமுறையைக் குறிக்கிறது. பக்கத்திலுள்ள எல் என்ற எழுத்து குறைந்த மின்னழுத்தத்தைக் குறிக்கிறது. 12800 என்பது ஒரு செக்கனுக்கு எத்தனை மெகாபைட் தரவு செல்லக்கூடும் என்ற அளவு. அதை 8ஆல் வகுத்தால் 1600 என்ற பழக்கமான வேக எண் வரும். இவ்வாறே 10600 என்பது 1333, 8500 என்பது 1066. அதன் பின்னுள்ள எஸ், இது சோடிம் எனப்படும் மடிக்கணினிக்கான சிறிய அட்டை என்பதற்கான அடையாளம்; அந்த இடத்தில் யூ என்றிருந்தால் அது மேசைக்கணினிக்குரியது. இறுதியிலுள்ள 11, தரவைக் கேட்டதற்கும் பெற்றதற்கும் இடையிலான தாமதச் சுற்றுகளின் எண்ணிக்கை.

டிடிஆர்4 அட்டைகளின் லேபிள் சற்று வேறுபட்டது. அதில் பிசி4-2400 என்றவாறு வேக எண்ணே நேரடியாக இருக்கும், வகுக்கத் தேவையில்லை. கடைகளின் விலைப்பட்டியல்களில் இதே அட்டையை 19200 என்றும் எழுதுவார்கள், இரண்டும் ஒன்றே.

தலைமுறைகளைப் பிழையாக மாற்றிப் போட முடியாதபடி, அட்டையின் அடி விளிம்பிலுள்ள வெட்டுப்பள்ளம் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு இடத்தில் இருக்கிறது. ஊசிகளின் எண்ணிக்கையும் வேறு: டிடிஆர்2இல் 200, டிடிஆர்3இல் 204, டிடிஆர்4இல் 260, டிடிஆர்5இல் 262. ஆகவே டிடிஆர்3 ஸ்லொட்டுக்குள் டிடிஆர்4 அட்டை நுழையவே நுழையாது. உண்மையான சிக்கல், நுழைந்தும் இயங்காத அட்டைகளால் வருவது.

நுழைந்தும் இயங்காதவை

டிடிஆர்3 அட்டை 1.5 வோல்ற்றிலும், டிடிஆர்3எல் அட்டை 1.35 வோல்ற்றிலும் இயங்குகின்றன. இரண்டின் வெட்டுப்பள்ளமும் ஒரே இடத்தில்தான். டிடிஆர்3எல் அட்டையை 1.5 வோல்ற்று தரும் பழைய மடிக்கணினியில் போட்டால், இரு மின்னழுத்தங்களையும் ஏற்கும்படி அவ்வட்டை வடிவமைக்கப்பட்டிருப்பதால் பொதுவாகச் சிக்கலின்றி இயங்கும். மறுதலையாகச் செய்ய முடியாது. 2013இல் வந்த நான்காம் தலைமுறை இன்டெல் மடிக்கணினிப் புரொசெசர்களும், அடுத்து வந்த ஐந்தாம் தலைமுறையும் 1.35 வோல்ற்று நினைவகத்துக்கென வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் சாதாரண டிடிஆர்3 அட்டையைப் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கக்கூடும். அட்டையும் பழுதில்லை, மடிக்கணினியும் பழுதில்லை, ஆயினும் கணினி எழும்பாது. எல் என்ற அந்த ஒற்றை எழுத்தைக் கவனிக்காததால் நல்ல அட்டைகள் பழுதானவை என்று ஒதுக்கப்படுவது மிகவும் வருந்தத்தக்கது. ஐயமிருந்தால், டிடிஆர்3 ஸ்லொட் எதுவாயினும் டிடிஆர்3எல் அட்டையையே வாங்குங்கள்.

புரொசெசரின் தலைமுறையை அறிவது எளிது. ஐ5-3210எம் என்றால் 3 என்ற முதல் இலக்கம் மூன்றாம் தலைமுறையைக் காட்டுகிறது. ஐ5-4200யூ நான்காம் தலைமுறை. மூன்றாம் தலைமுறை இரு மின்னழுத்தங்களையும் ஏற்கும். ஆறாம், ஏழாம் தலைமுறைகளில் மட்டும் புரொசெசரின் பெயரைக் கொண்டு முடிவெடுக்க வேண்டாம். அப்புரொசெசர்கள் டிடிஆர்3எல், டிடிஆர்4 ஆகிய இரண்டையும் ஆதரிப்பவை. எதற்கான ஸ்லொட்டை வைப்பது என்பதை மடிக்கணினி நிறுவனமே தீர்மானித்தது. ஆதலால் ஒரே புரொசெசர் கொண்ட இரண்டு மடிக்கணினிகளுக்கு வெவ்வேறு அட்டைகள் தேவைப்படலாம். மூடியைத் திறந்து பார்ப்பதற்கு ஈடு இங்கே வேறில்லை.

அடுத்த தடை கொள்ளளவு. முதலாம் தலைமுறை ஐ3, ஐ5 மடிக்கணினிகள் ஒரு ஸ்லொட்டில் 4 ஜிபி, மொத்தம் 8 ஜிபி என்ற எல்லைக்குட்பட்டவை. அவற்றில் 8 ஜிபி அட்டை ஒன்றைப் போட்டுப் பயனில்லை. இரண்டாம் தலைமுறையிலிருந்து நான்காம் தலைமுறை வரை ஒரு ஸ்லொட்டுக்கு 8 ஜிபி வரை போகலாம். அங்கேயும் ஒரு நுணுக்கம் உண்டு. இத்தலைமுறைகளின் நினைவகக் கட்டுப்படுத்தி 4 ஜிகாபிட் சில்லுகள் வரையே அறியும் (8 ஜிகாபிட் சேர்ந்தால் 1 ஜிபி). 8 ஜிபியை 16 சில்லுகளாகப் பிரித்து வைத்த 2ஆர்எக்ஸ்8 அட்டை அவற்றில் இயங்கும். அதே 8 ஜிபியை எட்டே சில்லுகளில் அடக்கிய 1ஆர்எக்ஸ்8 அட்டையில் 8 ஜிகாபிட் சில்லுகள் இருப்பதால் அது இயங்காது. ஒற்றை 16 ஜிபி டிடிஆர்3எல் அட்டையும் இதே காரணத்தால் ஐந்தாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் இயந்திரங்களில் இயங்காது. மேலே சொன்ன லேபிள் வரியில் ஆர்எக்ஸ் என்ற பகுதியை வாசிக்கப் பழகச் சொன்னது இதற்காகவே.

நிறுவனத்தின் கையேட்டில் அச்சிட்டுள்ள உச்ச அளவு எப்போதும் கடைசி வார்த்தை ஆகாது. கையேடு எழுதப்பட்ட காலத்தில் சந்தையில் கிடைத்த பெரிய அட்டையை வைத்தே பல நிறுவனங்கள் அந்த எண்ணைக் குறித்தன. 2012இன் நடுப்பகுதியில் வந்த 13 அங்குல மக்புக் புரோவுக்கு, அதாவது றெட்டினா திரையில்லாத மாதிரிக்கு, ஆப்பிள் 8 ஜிபி என்று எழுதியிருந்தாலும் இரண்டு 8 ஜிபி அட்டைகளுடன் அது நன்றாக இயங்குகிறது. புரொசெசரின் உண்மையான எல்லையை இன்டெல் தன் இணையத்தளத்தில் ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனியாக வெளியிட்டிருக்கிறது.

வேகத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. கூடிய வேக அட்டை, தாய்ப்பலகை ஏற்கும் வேகத்துக்கு இறங்கி இயங்கும். இரண்டு அட்டைகள் வெவ்வேறு வேகத்தில் இருந்தால் மெதுவானதன் வேகத்தில் இரண்டும் இயங்கும். விளையாட்டுப் பிரியர்களுக்கென விற்கப்படும் மிகைவேக அட்டைகளைப் பழைய மடிக்கணினிக்கு வாங்குவது வீண்செலவு. சில இயந்திரங்கள் அவற்றுடன் எழும்ப மறுக்கின்றன.

எவ்வளவு வாங்குவது?

4 ஜிபியிலிருந்து 8 ஜிபிக்குப் போகும்போது கிடைக்கும் மாற்றம் மிகப் பெரியது. படிப்பு, அலுவலக எழுத்து வேலை, காணொளி வகுப்பு ஆகியவற்றுக்கு 8 ஜிபி போதும் என்பதே என் கருத்து. 16 ஜிபி தேவைப்படுவது காணொளித் தொகுப்பு, மெய்நிகர் இயந்திரங்கள், பெரிய மென்பொருள் உருவாக்கம் போன்றவற்றுக்கு. இரண்டு கருக்கள் (கோர்கள்) மட்டுமே கொண்ட பழைய புரொசெசர் அந்த வேலைகளில் எப்படியும் திணறும்.

இரண்டு ஸ்லொட்களிலும் சம அளவு அட்டைகள் இருந்தால் தரவு இரு பாதைகளில் செல்வதால் வேகம் சற்றுக் கூடும். தனி வரைகலை அட்டை இல்லாத மடிக்கணினிகள் திரைக்கும் இதே றாமைப் பங்கிடுவதால் அவற்றுக்கு இது நன்கு உதவும். அதற்காகப் பழைய 4 ஜிபி அட்டையை எறிந்துவிட வேண்டாம். அதனுடன் 8 ஜிபி ஒன்றைச் சேர்த்தால், இன்டெல் இயந்திரங்களில் முதல் 8 ஜிபி இரட்டைப் பாதையிலும் மிகுதி 4 ஜிபி ஒற்றைப் பாதையிலும் இயங்கும். பிந்தி ஒரு காலத்தில் கூட்ட நினைப்பவர் இரண்டு 4 ஜிபிக்குப் பதிலாக ஒற்றை 8 ஜிபியை வாங்கி ஒரு ஸ்லொட்டை வெறுமையாக வைத்திருப்பதும் நல்ல ஏற்பாடு.

டிடிஆர்2 அட்டை கொண்ட மடிக்கணினியாயின், அதற்கு மேலும் பணம் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைக்குப் போகும்போது

யாழ் நகரின் கஸ்தூரியார் வீதி, ஸ்ரான்லி வீதிப் பக்கக் கடைகளுக்கோ, பல்கலைக்கழகம் உள்ள திருநெல்வேலிப் பக்கத்துக்கோ போகுமுன், பழைய அட்டையைக் கழற்றி உலர்ந்த கடதாசி உறையில் இட்டு எடுத்துச் செல்லுங்கள். கூடவே மடிக்கணினியையும் கொண்டுபோனால் அங்கேயே போட்டுப் பார்த்து வாங்கலாம். “லப்ரொப்புக்கு 8 ஜிபி றாம் ஒன்று தாருங்கோ” என்று மட்டும் கேட்டால், கடைக்காரர் தன்னிடமிருப்பதைத் தருவார். அதில் அவர் பிழை ஒன்றுமில்லை. “டிடிஆர்3எல், 1600, சோடிம், 2ஆர்எக்ஸ்8” என்று கேட்பவருக்கே வேண்டியது கிடைக்கும்.

டிடிஆர்3எல் அட்டைகள் புதிதாகக் கிடைப்பது குறைந்துவருவதால், பாவித்த அட்டையை வாங்கவேண்டி வரலாம். றாம் அட்டையில் தேயும் பாகம் எதுவுமில்லை. சம்சுங், ஹைனிக்ஸ், மைக்ரோன் சில்லுகள் கொண்ட பாவித்த அட்டை, பெயரறியாத புதிய அட்டையை விட நம்பத்தக்கது என்பேன். ஆனால் லேபிள் மாற்றி ஒட்டப்பட்டிருக்கக்கூடும் என்பதால், போட்டவுடன் சிபியூ-இசட்டின் எஸ்பிடி பக்கத்தில் தோன்றும் பகுதி எண்ணும் லேபிளில் உள்ளதும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் மாற்றித்தருவதாக, நாட்களின் எண்ணிக்கையுடன் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். கொழும்பு பம்பலப்பிட்டியில் உள்ள யூனிட்டி பிளாசா போன்ற இடங்களிலிருந்து பஸ்ஸில் எடுப்பிப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். பிழையான அட்டையை ஏறத்தாழ 400 கிலோமீற்றர் திருப்பி அனுப்புவது வீண் அலைச்சல். கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வரும் உறவினரிடம் சொல்லி விடுபவர்கள், வாய்மொழியாகச் சொல்லாமல், எடுத்துவைத்த லேபிள் படத்தை அனுப்பிவிடுங்கள்.

பொருத்துதலும் சோதித்தலும்

விண்டோஸை முழுமையாக நிறுத்தி, மின்னேற்றியைக் கழற்றி, பற்றறியையும் கழற்றுங்கள். பற்றறி உள்ளே பூட்டப்பட்டிருந்தால் அதன் இணைப்பியைத் தாய்ப்பலகையிலிருந்து பிரித்துவிட வேண்டும். பின்னர் ஆளிப் பொத்தானைச் சில செக்கன்கள் அழுத்திப் பிடித்தால் மீதி மின்னேற்றம் வடியும். உடலிலுள்ள நிலைமின் நீங்க, நிலத்தொடுப்புள்ள உலோகம் ஒன்றைத் தொட்டுவிட்டு அட்டையை விளிம்புகளில் மட்டும் பிடியுங்கள். இருபக்கக் கொளுவிகளையும் வெளிப்புறம் தள்ளினால் பழைய அட்டை தானாகச் சாய்ந்து எழும்பும். புதியதை வெட்டுப்பள்ளம் பொருந்தும்படி ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில், பொன்னிற முனைகள் உள்ளே போய் மறையும்வரை தள்ளி, பிறகு கீழே அழுத்தினால் கொளுவிகள் ‘டிக்’ என்று பிடிக்கும். பலத்தைப் பிரயோகிக்க வேண்டி வந்தால் ஏதோ பிழை என்று கருதி நிறுத்துங்கள்.

கணினி எழும்பாவிட்டால், அட்டையை மீண்டும் கழற்றி உறுதியாகப் போடுங்கள்; பல வேளைகளில் அதுவே போதும். குருநகர், பருத்தித்துறை, காரைநகர் போன்ற கரையோர இடங்களில் நெடுங்காலம் இருந்த இயந்திரங்களில் முனைகளில் அழுக்குப் படிந்திருக்கும். மென்மையான அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டுப் போடலாம். அதற்கும் எழும்பாவிட்டால் ஒவ்வொரு அட்டையாக, ஒவ்வொரு ஸ்லொட்டாக மாற்றிப் போட்டுப் பார்த்தால் குறை எதிலென்று தெரிந்துவிடும். புதிய றாமுடன் முதற் தடவை எழும்ப வழமையை விடச் சற்று அதிக நேரம் எடுப்பதுண்டு என்பதால் உடனே நிறுத்திவிட வேண்டாம்.

எழும்பிவிட்டால் பயாஸிலும் விண்டோஸிலும் முழு அளவு தெரிகிறதா என்று பாருங்கள். அத்துடன் நின்றுவிடாமல், மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவசச் சோதனையை ஒரு யுஎஸ்பியிலிருந்து இயக்கி, குறைந்தது ஒரு முழுச் சுற்று முடியும்வரை இரவில் விட்டுவிடுங்கள். அட்டையில் மறைந்திருக்கும் குறை, வாரங்கள் கழித்து நீலத்திரையாகவோ கெட்டுப்போன கோப்பாகவோ வெளிப்படும்போது கடைக்காரர் தந்த தவணை கடந்திருக்கும். சோதனையில் ஒரேயொரு பிழை காட்டினாலும் அந்த அட்டையை வைத்திருக்க வேண்டாம். முடிவுத் திரையைப் படமெடுத்துக்கொண்டு, பற்றுச்சீட்டுடன் மறுநாளே கடைக்குக் கொண்டுபோய் மாற்றிக்கொள்ளுங்கள்.